கடலின் இரைச்சலும் திருச்சபையின் செவியும்

முன்னுரை

படைப்பின் சிறப்பைப் பாடும் 104-ஆம் சங்கீதத்தின் ஆசிரியர், நிலத்தின் நிறைவை வியந்தபின் தம் பார்வையைக் கடலின்மேல் திருப்புகிறார். அங்கே அவர் காண்பவற்றுள் இரண்டு தனியே குறிப்பிடப்படுகின்றன. ஒன்று, கடலின்மேல் செல்லும் கப்பல்கள். மற்றொன்று, கடலுக்குள் விளையாடும்படி இறைவன் உருவாக்கிய லிவியாதான். மனிதனின் கைவினையும் இறைவனின் கைவினையும் 26-ஆம் வசனத்தில் அருகருகே நிற்கின்றன. அங்குக் கப்பல் பழிக்கப்படவில்லை, லிவியாதான் பகையாக்கப்படவுமில்லை. பரந்த கடலில் இரண்டிற்கும் இடமுண்டு என்பதே சங்கீதக்காரரின் நம்பிக்கை.

இந்நம்பிக்கை இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. கடலின் பரப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் கப்பல்களும் பிற கருவிகளும் நீருக்கடியில் எழுப்பும் இரைச்சல், கடல்வாழ் உயிர்களின் குரலுக்கு இடமில்லாமற் செய்துவருகிறது. எண்ணெய்க் கசிவையும் பிளாஸ்டிக் குப்பையையும் கண்டு வருந்தும் நாம் இம்மாசினை அறியாதிருப்பதற்குக் காரணமுண்டு. இது கண்ணுக்குப் புலப்படாதது. நீருக்கு மேலே வாழும் நம் செவிக்கும் எட்டாதது. அறியாத குற்றத்திற்காக எவரும் மனந்திரும்புவதில்லை. ஆகவே இதனை மக்கள் உணரும்படி கலைஞரும் அறிவியலாரும் கடந்த அரை நூற்றாண்டாக மேற்கொண்ட முயற்சிகள் எவை, அவை எதைச் சாதித்தன, எங்கே போதாமற் போயின, அவற்றினின்று திருச்சபையின் ஊழியர் கற்கவேண்டியது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடல் மௌனமானதன்று

பிரெஞ்சு நாட்டுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கும், 1956-இல் வெளியான அவருடைய திரைப்படத்திற்கும் 'மௌன உலகம்' என்று பெயரிட்டார். கடலின் ஆழத்தைப் பொதுமக்களுக்கு முதன்முதலாகக் காட்டியவர்களுள் ஒருவராகிய அவரே அதனை மௌனமானது என்று அழைத்தார் என்றால், ஏனையோர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. காற்றில் கேட்பதற்கென அமைந்த மனிதச் செவி நீருக்குள் செம்மையாகப் பணிபுரிவதில்லை. நமது செவியின் குறையைக் கடலின் தன்மையென நாம் மயங்கினோம்.

உண்மையில் கடல் ஒலியின் உலகமாகும். சூரிய ஒளி நீருள் விரைவில் மங்கிவிடுகிறது. 200 மீட்டருக்குக் கீழே அது மிகவும் அரிது. 1000 மீட்டருக்குக் கீழே முற்றிலும் இருள். ஒலியோ நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லுகிறது. இது காற்றில் அது செல்லும் விரைவைப்போல் நான்கு மடங்கிற்கும் மேற்பட்டது. வெப்பநிலையும் அழுத்தமும் சேர்ந்து ஆழ்கடலில் ஒருவகை ஒலிப்பாதையை அமைத்துள்ளன. அப்பாதையில் புகுந்த தாழ்சுருதி ஒலி மிகக் குறைந்த இழப்புடன் நெடுந்தொலைவு செல்லும். 1991-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இந்துமாக்கடலின் தென்கோடியிலுள்ள ஹெர்ட் தீவின் அருகே கடலினுள் எழுப்பப்பட்ட ஒலி, வட அமெரிக்காவின் கிழக்கு, மேற்கு ஆகிய இரு கரைகளிலும் கேட்கப்பட்டது.

இதனால் கடல்வாழ் உயிர்களுக்குச் செவியே கண்ணாகும். திமிங்கலங்கள் ஒலியால் துணையை அழைக்கின்றன. ஒலியால் குட்டியைக் காக்கின்றன. பல்லுடைய திமிங்கலங்கள் தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டுபிடிக்கின்றன. மீன்கள் பலவும் ஒலி எழுப்புகின்றன.

தமிழர் இதனை முற்றிலும் அறியாதவரல்லர். ஈழத்தின் மட்டக்களப்பு வாவியில், நிலவு இரவுகளில், படகினின்று துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியோடு பொருத்தி, நீருள் எழும் இன்னோசையைக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட் இவ்வாவியின் ஓசையைத் தம் நூலில் விவரித்துள்ளார். அந்நாட்டை 'மீன்பாடும் தேனாடு' என மக்கள் அழைப்பதும் இதனாலேயே. நீருக்குள் ஒலிக்கும் உலகை அறியக் கருவியொன்று வேண்டும் என்பதற்கு அத்துடுப்பு எளிய சான்றாகும்.

2. இரைச்சலின் தோற்றுவாய்கள்

கடலினுள் மனிதன் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் மூன்று வாயில்களினின்று வருகிறது.

முதலாவது, வணிகக் கப்பல்கள். கப்பலைச் செலுத்தும் புரொப்பெல்லர் விரைந்து சுழலும்போது அதன் தகடுகளின் ஓரத்தில் நீரின் அழுத்தம் குறைந்து எண்ணிறந்த குமிழிகள் தோன்றுகின்றன. அவை தோன்றியவுடன் நொறுங்குகின்றன. இக்குமிழிகளின் நொறுங்கலே கப்பலோசையின் பெரும்பகுதி. இவ்வோசை தாழ்சுருதியில் அமைகிறது. பெருந்திமிங்கலங்கள் ஒன்றையொன்று அழைப்பதும் அதே சுருதியில்தான். உலக வணிகச் சரக்கில் எடையளவில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டது கடல்வழியே செல்லுகிறது என்பதை நோக்கினால், இவ்வோசை ஓய்வின்றி ஒலிப்பது ஏன் என விளங்கும்.

இரண்டாவது, கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவோர் கையாளும் காற்றுத் துப்பாக்கிகள். அழுத்தப்பட்ட காற்றை நீருள் வெடிக்கச் செய்து, அடித்தளத்தினின்று திரும்பும் ஒலியால் நிலத்தின் அமைப்பை அளக்கின்றனர். 10 அல்லது 15 வினாடிகளுக்கு ஒருமுறை, பல நாட்களும் வாரங்களும் இவ்வெடிப்பு தொடரும்.

மூன்றாவது, போர்க்கப்பல்களின் சோனார். நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக இவை வலிய ஒலியைச் செலுத்துகின்றன. 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பகாமாத் தீவுகளின் கரைகளில், இரண்டு நாட்களுக்குள் 17 திமிங்கல இன உயிர்கள் கரையொதுங்கின. அவற்றுள் மிகுதியானவை ஆழ்கடலில் வாழும் அலகுத் திமிங்கலங்கள். அத்தீவில் தங்கியிருந்து அவற்றை ஆராய்ந்துவந்த கென் பால்கோம்ப் என்னும் அறிவியலார், இறந்தவற்றின் தலைகளைப் பாதுகாத்து ஆய்வுக்கு அனுப்பினார். அவரும் ஒருகாலத்தில் கடற்படையில் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2001-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டின் கடல்மீன்வளத் துறையும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, கடற்படையின் சோனாரே இதற்குப் பெரிதும் பொருந்தும் காரணம் என ஏற்றுக்கொண்டது.

இவற்றுள் சோனாரின் தீங்கு திடீரெனத் தோன்றுவது, ஆகவே செய்தியாகிறது. கப்பலின் இரைச்சலோ நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்வது, ஆகவே செய்தியாவதில்லை. கலிபோர்னியாவின் கரைக்கு அப்பாலுள்ள ஓரிடத்தில் 1960-களின் நடுவில் எடுக்கப்பட்ட அளவுகளை 2003-04 ஆண்டுகளின் அளவுகளோடு ஒப்பிட்டபோது, தாழ்சுருதி இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் வரை உயர்ந்திருந்தது. 10 டெசிபல் உயர்வு என்பது ஒலியின் செறிவு பத்து மடங்காவதைக் குறிக்கும்.

இவ்விரைச்சல் உயிர்களை எவ்வாறு வாட்டுகிறது என்பதற்கு எதிர்பாராத சான்றொன்று கிடைத்தது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப்பின் சில நாட்கள் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் நீரடி இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. அதாவது செறிவு நான்கில் ஒன்றாயிற்று. அங்கு அருகிவரும் ரைட் திமிங்கலங்களை ஆராய்ந்துவந்த ரோசலிண்ட் ரோலண்டும் அவருடைய குழுவினரும், அவற்றின் மலத்தில் காணப்படும் ஹார்மோன்களைக் கொண்டு உடலழுத்தத்தை அளந்துவந்தனர். அந்நாட்களில் அவ்வழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது என்பதை 2012-இல் வெளியிட்டனர். மனிதகுலம் துயரத்தால் சற்று நின்ற வேளையில் கடலுயிர் சற்று மூச்சுவிட்டது. அவ்விடைவேளை வரும்வரை அவ்வுயிர்கள் ஓயாத நெருக்கடியில் வாழ்ந்தன என்பதை எவரும் அளந்தறியவில்லை.

3. பாடலைக் கேட்ட தலைமுறை

கடலின் குரலை மனிதச் செவிக்குக் கொணர்ந்த கருவி போரின் தேவையால் வந்ததாகும். நீரடி ஒலிவாங்கியாகிய ஹைட்ரோபோன், நீர்மூழ்கிகளைக் கண்டறியவே பெரிதும் வளர்க்கப்பட்டது. பெர்முடாத் தீவில் அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய பிராங்க் வாட்லிங்டன் என்னும் பொறியாளர், ஆழத்தில் வைத்த ஒலிவாங்கிகளில் விந்தையான குரல்கள் பதிவாவதைக் கண்டு அவற்றைப் பேணிவைத்தார். அவை கூன்முதுகுத் திமிங்கலங்களின் குரல்கள். அப்பதிவுகளை அவர் ரோஜர் பெயின் என்னும் உயிரியலாரிடம் ஒப்படைத்தார்.

பெயினும் அவருடைய நண்பர் ஸ்காட் மக்வேயும் அக்குரல்களை ஆராய்ந்து, அவை ஒழுங்கற்ற கூச்சலல்ல, திரும்பத் திரும்ப வரும் அடிகளும் பகுதிகளும் கொண்ட பாடல்கள் என 1971-இல் நிறுவினர். அப்பாடல்கள் ஆண்டுதோறும் மெல்ல மாறிவருவதைக் கேட்டி பெயின் கண்டறிந்தார். ஆய்வுக்கட்டுரைக்கு முன்னரே, 1970-இல், அவை ஓர் இசைத்தட்டாக வெளியாயின. கல்விமான்களுக்கு மட்டும் உரியதாயிருந்த பதிவு இல்லங்களுக்குள் நுழைந்தது. 1979-ஆம் ஆண்டு சனவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் மெல்லிய இசைத்தட்டொன்றை 1 கோடியே 5 இலட்சம் படிகளில் தன் வாசகருக்கு அனுப்பியது. 1977-இல் விண்வெளிக்குச் சென்ற வாயேஜர் கலங்களின் பொற்றட்டிலும், மனிதரின் வாழ்த்துரைகளோடு திமிங்கலத்தின் குரல் இடம்பெற்றது.

இசைவாணரும் இதற்குச் செவிசாய்த்தனர். அமெரிக்க இசையமைப்பாளர் ஆலன் ஹோவானஸ் 1970-இல் இயற்றிய பல்லியக் கோவையில் திமிங்கலங்களின் உண்மைக் குரல்களே ஒலிக்கின்றன. அதற்கு அவர் இட்ட பெயர் ஆதியாகமம் 1:21-இன் ஆங்கில மொழிபெயர்ப்பினின்று எடுக்கப்பட்டது; நம் தமிழ்த் திருமறை 'மகா மச்சங்கள்' எனக் கூறும் அதே இடம். அடுத்த ஆண்டில் ஜார்ஜ் கிரம், 'திமிங்கலத்தின் குரல்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரோடு ஓர் இசைப்படைப்பை வழங்கினார். அதில் இசைப்போர் மூவரும் கறுப்பு அரைமுகமூடி அணியவேண்டும் என்பது அவர் விதி. மனித முகம் மறையவேண்டும், இயற்கையின் குரல் முன்னிற்கவேண்டும் என்பது அதன் கருத்து.

இதன் பயன் சிறிதன்று. எண்ணெய்க்கும் இறைச்சிக்குமுரிய பொருளாகக் கருதப்பட்ட உயிர், பாடும் உயிராக அறியப்பட்டது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு, திமிங்கல வேட்டையைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்தும்படி பரிந்துரைத்தது. 1982-இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சில நாடுகள் இதற்கு இணங்கவில்லையாயினும், கூன்முதுகுத் திமிங்கலங்கள் பல கடல்களில் மீண்டும் பெருகியுள்ளன. ஒரு பாடல் ஈட்டியைத் தடுத்தது என்று சொன்னால் அது பெருமளவிற்கு உண்மையேயாகும்.

4. பாடல் போதாமற் போனது ஏன்?

எனினும் இங்கே ஒரு முரண்பாட்டை நாம் காணத் தவறலாகாது. இசைத்தட்டு விற்பனையான அதே ஆண்டுகளில்தான் கடலின் இரைச்சலும் ஏறிக்கொண்டிருந்தது. பெயினே 1971-இல் டக்ளஸ் வெப் என்பவரோடு எழுதிய கட்டுரையொன்றில், கப்பல்களின் ஓசையால் பெருந்திமிங்கலங்களின் குரல் எட்டும் தொலைவு மிகச் சுருங்கியிருக்கக்கூடும் எனச் சுட்டியிருந்தார். பாடலை உலகம் கேட்டது, அவ்வெச்சரிக்கையைக் கேட்கவில்லை. திமிங்கலத்தின் பாடலை நாம் விரும்பினோம். விரும்பிக்கொண்டே அதனை மூழ்கடித்தோம்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் நமக்கு உதவும். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் குற்றச்சாட்டோடு வரவில்லை; ஒரு கதையோடு வந்தார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி, அதனைப் பறித்த செல்வன் என அவர் கூறக்கூறத் தாவீதின் உள்ளம் கொதித்தது. அந்த இரக்கம் உண்மையானது. அந்தக் கோபமும் உண்மையானது. ஆனால் அது மனந்திரும்புதல் அன்று. தாவீது இன்னும் நீதிபதியின் இருக்கையில்தான் இருந்தான். குற்றவாளி வேறொருவன் என்றே எண்ணினான். கதையின் அடுத்த படியில், அச்செல்வன் தானே என உணர்ந்தபோதுதான் அவன் இருக்கையினின்று இறங்கினான்.

1970-களின் கலை நாத்தானின் முதற்படியைச் செய்தது. ஆட்டுக்குட்டியின்மேல் நம்மை இரங்கச் செய்தது. ஈட்டியெறிந்தோர் தொலைவிலிருந்த ஒருசிலர். அவர்கள்மேல் சினங்கொள்வது நமக்கு எளிதாயிருந்தது. இரைச்சலை எழுப்புவோர் யார்? நம் இல்லத்திலுள்ள துணியும் கருவியும் எரிபொருளும் ஏதோவொரு கப்பலில் வந்தவை. இங்கே செல்வன் வேறொருவன் அல்லன். ஆகவே இரைச்சலைப் பற்றிய கலைக்கு வேட்டையைப் பற்றிய கலையினின்று வேறுபட்ட பணி உண்டு. திமிங்கலத்தின் பாடலை நமக்குக் கேட்பிப்பதோடு அது நின்றுவிட இயலாது. நம் ஓசையை நமக்கே கேட்பிக்கவேண்டும்.

5. நம் ஓசையை நமக்கே கேட்பிக்கும் கலை

அண்மைக் காலத்தில் இவ்விரண்டாம் படியை நோக்கிச் சிலர் முயன்றுள்ளனர். நார்வே நாட்டுக் கலைஞர் யானா வின்டெரென், ஹைட்ரோபோன்களைப் பனியாறுகளின் பிளவுகளிலும் கடலின் ஆழத்திலும் இறக்கி, அங்குப் பதிவானவற்றைக் கொண்டு ஒலிப்படைப்புகளை ஆக்குகிறார். மீனின் முணுமுணுப்பும், கண்ணுக்குத் தென்படாத சிற்றுயிர்களின் சலசலப்பும் அவற்றில் கேட்கின்றன. அவருடைய படைப்பொன்று 2011-இல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா விழாவில் முதற்பரிசு பெற்றது. இதில் நாம் கருதத்தக்கது, பாடும் பேருயிர் மட்டுமன்றிப் பெயரறியாச் சிற்றுயிரும் கேட்கப்படுகிறது என்பதாகும்.

பெர்னி கிராஸ் என்னும் அமெரிக்க ஒலிப்பதிவாளர், ஓரிடத்தின் ஒலிகளை நிலத்தின் ஒலி, உயிர்களின் ஒலி, மனிதரின் ஒலி என மூன்றாகப் பகுத்துக் காண்பவர். 2016-இல் பாரிசு நகரில் தொடங்கிய அவருடைய காட்சியரங்கில், ஒலி கேட்கும்போதே அதன் வரைபடமும் சுவரில் ஒளியாக ஓடியது. செவிக்கு எட்டாததைக் கண்ணால் காண்பதற்கு இத்தொழில்நுட்பம் உதவுகிறது. ஒவ்வோர் உயிரும் தனக்கென ஒரு சுருதியைக் கொண்டு பிறவற்றிற்கு இடம்விட்டு ஒலிப்பதை அவ்வரைபடத்தில் காணலாம். மனித இயந்திரத்தின் ஒலி அதன் குறுக்கே பூசப்பட்ட சாந்துபோல் யாவற்றையும் மறைத்து நிற்கும்.

அதே 2016-இல் வெளியான 'சோனிக் சீ' என்னும் ஆவணப்படம், முன்னர்க் கூறிய பகாமா நிகழ்ச்சியில் தொடங்கிக் கப்பல், துப்பாக்கி, சோனார் ஆகிய மூன்றின் ஓசையையும் காண்போர் கேட்கச் செய்கிறது. மேலும் வட அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் கடலில் வைக்கப்பட்டுள்ள ஹைட்ரோபோன்கள் சிலவற்றின் ஒலியை இணையத்தின் வழியாக எவரும் அந்நேரத்திலேயே கேட்கலாம். திமிங்கலத்தின் குரலுக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் கேட்பது கப்பலின் ஓசையையே. அந்த ஏமாற்றமே இங்குச் சிறந்த பாடமாகிறது.

வெனிஸ் நகரின் சான் லொரென்சோ ஆலயத்தைப் பற்றியும் இங்குக் கூறவேண்டும். நெடுங்காலமாக வழிபாடின்றி மூடிக்கிடந்த அப்பேராலயம், 2019-ஆம் ஆண்டில் கடலைப் பற்றிய கலைக்கும் ஆய்வுக்குமுரிய இடமாகத் திறக்கப்பட்டது. திருச்சபை கைவிட்ட கூரையின்கீழ்க் கலைஞர் கூடிப் படைப்பின் குரலைக் கேட்கின்றனர். இது நம்மை மகிழ்விக்கவேண்டிய செய்தியா, வெட்கப்படுத்தவேண்டிய செய்தியா என்பதை வாசகர் சிந்திப்பாராக.

ஆயினும் கலையையும் தொழில்நுட்பத்தையும் மீட்பராக்கிவிடலாகாது. இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கலை இன்பமாகவே நின்றுவிடக்கூடும். திமிங்கலப் பாடலை உறக்கத்திற்குத் துணையாக விற்கும் வணிகம் நெடுநாளாக நடந்துவருகிறது. தன் பாட்டுகளின் ஓசையில் மகிழ்ந்து நீதியை மறந்த இஸ்ரவேலைக் கண்டித்த ஆமோஸ் (5:23-24) இங்கும் பேசுகிறார். இனி, தொழில்நுட்பம் இருமுனைக் கருவியாகும். திமிங்கலத்தைக் கேட்ட ஒலிவாங்கியும் பகாமாவில் அதனைக் கொன்ற சோனாரும் ஒரே கடற்போர்க் கலையின் பிள்ளைகள். கடலின் வெப்பத்தை ஒலியால் அளக்க 1990-களில் வகுக்கப்பட்ட நற்றிட்டமும், அவ்வொலி திமிங்கலங்களுக்குத் தீங்காகுமோ என்னும் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது. நன்னோக்கத்தோடு எழுப்பும் ஓசையும் ஓசையே.

6. உணர்வு செயலாதல்

இம்மாசிற்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடலில் கலந்த நஞ்சும் பிளாஸ்டிக்கும் நூற்றாண்டுகள் தங்கும். இரைச்சலோ, எழுப்புவதை நிறுத்திய கணமே அகலும். ஃபண்டி வளைகுடாவில் சில நாட்களிலேயே மாறுதல் காணப்பட்டது இதனாலேயே. ஆகவே இங்கு மனந்திரும்புதலின் கனி விரைவில் காணக்கூடியது.

அதற்குச் சான்றுகளும் உண்டு. 2002-இல் கானரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள் கரையொதுங்கின. 2004-இல் இசுப்பானிய அரசு அத்தீவுகளைச் சூழ்ந்த கடலில் சோனாரைத் தடைசெய்தது. அதன்பின் அங்கு அத்தகைய கூட்டமரணம் நிகழவில்லை. செருமனியில், கடலில் காற்றாலைத் தூண்களை அறையும்போது, துளையிட்ட குழாய்களைக் கடலடியில் வட்டமாக இட்டுக் காற்றைச் செலுத்திக் குமிழித் திரையொன்றை எழுப்புகின்றனர். அத்திரை ஒலியைத் தடுத்துக் குறைக்கிறது.

கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2014-இல் தொடங்கிய திட்டம் குறிப்பிடத்தக்கது. அப்பகுதியில் வாழும் ஓர்க்காத் திமிங்கலக் குடும்பங்களில் இன்று எஞ்சியிருப்பவை 80-க்கும் குறைவு. அவை ஒலியால் இரை தேடுபவை. 2017 முதல் அவற்றின் வாழிடமாகிய ஹேரோ நீரிணையில், பருவந்தோறும் விரைவைக் குறைத்துச் செல்லும்படி கப்பல்கள் வேண்டப்படுகின்றன. பெரும்பாலான கப்பல்கள் இசைந்தன. இரைச்சல் குறைந்ததை ஹைட்ரோபோன்கள் காட்டின. ஓசை குறைந்த கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்திலும் தள்ளுபடி உண்டு. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆறாவது பேரவை 1983-இல் கூடி, நீதி, சமாதானம், படைப்பின் முழுமை என்னும் உடன்படிக்கைப் பாதைக்குத் திருச்சபைகளை அழைத்ததும் இதே வான்கூவர் நகரில்தான். திருச்சபை அங்குப் பேசிய சொல்லை ஒரு துறைமுகம் தன் வழியில் செயலாக்கிக் காட்டியிருக்கிறது.

ஆனால் உலகளாவிய நிலை வேறு. 2014-ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் இரண்டு ஏற்பாடுகள் வெளிவந்தன. கப்பலுக்குள் பணிபுரிவோரின் செவியைக் காக்கும் ஒலிவரம்பு விதிகள் அவ்வாண்டு கட்டாயமாயின. கப்பலுக்கு வெளியே நீரில் பரவும் இரைச்சலைக் குறைக்கும் நெறிகளும் அதே ஆண்டில் வந்தன. அவை விருப்பத்திற்கு விடப்பட்டன. 2023-இல் அவை திருத்தி விரிவாக்கப்பட்டபோதும் கட்டாயமாகவில்லை. மாலுமியின் செவியைக் காத்தது மிக நன்று. அதனைக் குறைகூற ஒருவருமில்லை. ஆயினும் கப்பலின் உட்புறத்திற்குச் சட்டம், வெளிப்புறத்திற்கு வேண்டுகோள் என்னும் இவ்வேறுபாடு, நமக்குப் பிறன் யார் என்று லூக்கா 10-இல் நியாயசாஸ்திரி கேட்ட பழைய வினாவை மீண்டும் எழுப்புகிறது.

7. திருப்பணிக்குரிய சில கருத்துகள்

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், படைத்தலைக் குறிக்கும் 'பாரா' என்னும் எபிரெயச் சொல் மிகச் சிக்கனமாகவே ஆளப்படுகிறது. வானத்தையும் பூமியையும் குறித்து முதல் வசனத்திலும், மனிதனைக் குறித்து 27-ஆம் வசனத்திலும் வரும் இச்சொல், இடையில் வருவது ஓரிடத்தில்தான்: கடலின் பேருயிர்களைக் குறித்த 21-ஆம் வசனத்தில். திருமறையின் முதல் ஆசீர்வாதமும் மனிதனுக்கன்று. 22-ஆம் வசனத்தில் நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும் அது அருளப்படுகிறது. பலுகும்படி ஆசி பெற்ற உயிர் தன் துணையை அழைக்கும் குரலை நம் இரைச்சல் மறைக்குமாயின், நாம் இடைமறிப்பது அவ்வாசியையே.

மேலும் 104-ஆம் சங்கீதத்தின் எபிரெயத் தொடரை, லிவியாதான் கடலில் விளையாடுவதாகவும், இறைவன் லிவியாதானோடு விளையாடுவதாகவும் இருவகையில் கொள்ள இடமுண்டு. இரண்டாவது பொருளைக் கொண்டால், கடலின் ஆழம் மனிதனுக்குப் பயன்படாதபோதும் இறைவனின் மகிழ்ச்சிக்குரிய இடமாகும். பயனால் மட்டும் படைப்பை மதிப்பிடும் போக்கிற்கு இது வலிய மறுப்பு.

சபைகளில் செய்யத்தக்கவை அரியன அல்ல. சூலைத் திங்கள் இரண்டாம் ஞாயிற்றைக் கடல் ஞாயிறாகப் பல திருச்சபைகள் ஆசரிக்கின்றன. அந்நாளில் மாலுமிகளுக்காக மன்றாடும் நாம் அவர்கள் கப்பலின்கீழ் வாழும் உயிர்களையும் நினைவுகூரலாம். செப்டம்பர் முதல் நாளைப் படைப்பிற்கான வேண்டுதல் நாளாகக் கான்ஸ்டான்டிநோப்பிள் முதற்பிதா 1989-இல் அறிவித்தார். அந்நாளின் ஆராதனையில் கடலின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது திமிங்கலத்தின் பாடலை மட்டும் ஒலிக்கச் செய்யாது, அதன்மேல் கப்பல் கடந்துசெல்லும் ஓசையையும் கேட்கச் செய்து, பின் சற்று மௌனம் காப்பது நாத்தானின் முறையாகும். ஒலிபெருக்கியின்றி ஆராதனை நடத்தவியலாது என எண்ணும் சபைகள் நம்மிடையே உண்டு. அண்டை வீட்டாரின் செவியை மதியாத சபை, கடலுயிரின் செவியைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆகவே நம் திருத்தம் நம் கோபுரத்தின் அடியிலேயே தொடங்கவேண்டும்.

முடிவுரை

விசுவாசம் பிறக்கும் வழியைப் பவுல் உரோமர் 10:17-இல் கூறுமிடத்து, நம் தமிழ்த் திருமறை 'கேள்வி' என்னும் சொல்லைக் கையாளுகிறது. திருவள்ளுவரும் அப்பெயரால் ஓர் அதிகாரம் வகுத்தார். தமிழில் அச்சொல்லுக்குக் கேட்டல் என்றும், வினா என்றும் இரு பொருள் உண்டு. கடலின் குரலைக் கேட்கத் தொடங்கிய நம் தலைமுறைக்கு அவ்விரு பொருளும் உரியன. நாம் கேட்டது நம்மை நோக்கிய வினாவாக மாறாவிடில் கேட்டதனால் பயனில்லை.

மட்டக்களப்பின் படகோட்டி துடுப்பினால் படகைச் செலுத்துகிறான்; அதே துடுப்பினால் நீரின் ஓசையையும் கேட்கிறான். ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் செய்ய அவனால் இயலாது. துடுப்பு செவியாகவேண்டுமாயின், வலிப்பதைச் சற்று நிறுத்தியே ஆகவேண்டும். கலையும் தொழில்நுட்பமும் நம் கையில் தந்திருப்பது அத்தகைய துடுப்பாகும். செலுத்துவதை நிறுத்திக் கேட்கும் மனத்தை நம் மக்களுக்குக் கற்பிப்பது ஊழியராகிய நம் கடமை.